முதுகலை மைக்ரோ தியரி: வகுப்பில் புரியுது, தாளில் வரமாட்டேங்குது

விளிம்புநிலை எழுதியது:

பொருளியல் முதுகலை, முதல் செமஸ்டர். மாஸ்-கோலெல், வின்ஸ்டன், கிரீன் மூணு பேரோட தடிப் புத்தகம்தான் பாடநூல். விருப்பங்கள், நுகர்வோர் கோட்பாடு முடிஞ்சு இப்ப நிச்சயமின்மைக்குள்ள போயிருக்கோம். வகுப்புல கேட்கும்போது ஒவ்வொரு படியும் சரியாத்தான் படுது. ப்ராப்ளம் செட்டைத் தனியா எடுத்து உட்கார்ந்தா கை ஓடலை. 6 கேள்விக்கு 12 மணி நேரம் ஆகுது, அதுலயும் பாதி தப்பு.

மாட்டுற இடம் இதெல்லாம்:

"நிரூபி"ன்னு வந்தா முதல் வரியே எழுத வரலை. விடையைப் பார்த்தா 4 வரிதான் இருக்கு, ஆனா அந்த 4 வரி எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியலை.

குன்-டக்கர் கணக்குல (சமனின்மைக் கட்டுப்பாட்டோட உச்சம் தேடுறது) சில சமயம் தேவை மைனஸ்ல வருது. பூஜ்யம்னு போட்டுட்டுப் போயிடறேன். மார்க் போயிடுது.

ராய், ஷெப்பர்டு, ஸ்லட்ஸ்கி (தேவை, பயன்பாடு, செலவை இணைக்கிற சமன்பாடுகள்) மூணும் மனப்பாடம். எதை எப்பப் போடணும்னு தெரியலை. காம்பென்சேட்டிங் வேரியேஷன், ஈக்விவலென்ட் வேரியேஷன் (விலை மாற்றத்தோட பாதிப்பைப் பணத்துல அளக்கிற ரெண்டு வழி) ரெண்டும் ஒவ்வொரு தடவையும் குழம்புது.

கணிதத்துல கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா தெரியும். ரியல் அனாலிசிஸ் முறையா படிச்சதில்லை. அதை முழுசா படிச்சுட்டு வரணுமா?

---

குவிகணம் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முழு ரியல் அனாலிசிஸ் தேவையில்லை. திறந்த கணம், மூடிய கணம், காம்பேக்ட் கணம், தொடர்ச்சி, தொடர்வரிசை ஒருங்குதல், தொடர்ச்சியான சார்புக்குக் காம்பேக்ட் கணத்தில் உச்சம் உண்டு என்ற வீயர்ஸ்ட்ராஸ் தேற்றம், குவிந்த கணங்களைத் தளத்தால் பிரிக்கும் தேற்றம், இம்ப்ளிசிட் ஃபங்ஷன் தேற்றம், என்வலப் தேற்றம். முதல் செமஸ்டருக்கு இவ்வளவு போதும். காகுடானி நிலைப்புள்ளித் தேற்றம் பொதுச் சமநிலை வரும்போதுதான் வேண்டும். உங்கள் புத்தகத்தின் பின்னால் இருக்கும் கணிதப் பிற்சேர்க்கையே போதும். ஆனால் அதை ஒரே மூச்சில் படிக்காதீர்கள், தேவைப்படும்போது புரட்டுங்கள்.

இனி நிரூபணம். முதல் வரி வராததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வரையறையைப் படித்திருக்கிறீர்கள், எழுதிப் பார்த்ததில்லை. கேள்வியில் உள்ள ஒவ்வொரு கலைச்சொல்லின் வரையறையையும் அளவீட்டுச் சொற்களோடு ("எல்லாவற்றுக்கும்", "ஏதோ ஒன்றுக்கு") தாளில் எழுதுங்கள். நிரூபிக்க வேண்டியதன் எதிர்மறையையும் எழுதுங்கள். இந்த இரண்டும் தாளில் வந்துவிட்டால் பாதி நிரூபணங்கள் தாமாகவே நகரும்.

கையிலேயே ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன். "நுகர்வோர் வருமானம் முழுவதையும் செலவழிப்பார்" என்பதை நிரூபிக்க வேண்டும். கொடுத்திருப்பது லோக்கல் நான்-சேஷியேஷன்: எந்தப் பொருள்தொகுப்பில் நின்றாலும், அதைச் சுற்றி எவ்வளவு சின்ன வட்டம் போட்டாலும், அந்த வட்டத்துக்குள் அதைவிடப் பிடித்த தொகுப்பு ஒன்று இருக்கும்.

எதிர்மறை: தேர்ந்தெடுத்த தொகுப்பின் செலவு வருமானத்தைவிடக் குறைவு. செலவு என்பது தொடர்ச்சியான சார்பு. ஆகவே அந்தத் தொகுப்பைச் சுற்றி, முழுக்கவும் வாங்கக்கூடிய ஒரு சின்ன வட்டம் உண்டு. எடுகோளின்படி அந்த வட்டத்துக்குள் அதைவிடப் பிடித்தது ஒன்று உண்டு. அதை வாங்க முடியும், அது மேலானது, ஆனால் தேர்ந்தெடுக்கவில்லை. முரண். முடிந்தது.

விடையை எழுதிய கையோடு இன்னொரு வேலை இருக்கிறது, பலரும் விடுவது இதைத்தான். எடுகோளை எடுத்துவிட்டு எது உடைகிறது என்று பாருங்கள். ஒருவருக்கு இரண்டு பொருளும் 2, 2 அளவில் இருப்பதுதான் உச்ச திருப்தி, அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் பிடிக்காது என்று வையுங்கள். விலை 1, 1, வருமானம் 10. அவர் 4 செலவழித்துவிட்டு நிறுத்திவிடுவார். எடுகோள் நிரூபணத்தின் எந்த வரியில் வேலை செய்கிறது என்பது இப்போது மறக்காது.

இதே எடுகோள்தான் 16-ஆம் அத்தியாயத்தில் முதல் நலத் தேற்றத்தையும் (போட்டிச் சமநிலையில் ஒருவரைக் கெடுக்காமல் இன்னொருவரை மேம்படுத்த முடியாது) தாங்குகிறது. அங்கே சமநிலையைவிட எல்லோருக்கும் குறையாத, ஒருவருக்காவது மேலான வேறொரு பங்கீடு இருப்பதாகக் கொள்வோம். மேலானதைப் பெறுபவரின் புதிய தொகுப்பு அவருடைய வருமானத்தைவிட அதிக விலை. இல்லாவிட்டால் அதையே வாங்கியிருப்பார். சமமாக இருப்பவர்களின் தொகுப்பு அவரவர் வருமானத்துக்குக் குறையாத விலை. கூட்டினால் மொத்த மதிப்பு மொத்த வருமானத்தைத் தாண்டும், இருக்கும் வளத்துக்குள் அது அடங்காது. "குறையாத விலை" என்ற அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு மட்டும்தான் லோக்கல் நான்-சேஷியேஷன் தேவை. குவிவு என்ற சொல் எங்குமே வரவில்லை, கவனியுங்கள். தேர்வில் "குவிந்த விருப்பங்கள் என்பதால்" என்று முதல் தேற்றத்தில் எழுதினால் திருத்துபவர் அங்கேயே பேனாவை வைப்பார். குவிவு இரண்டாம் தேற்றத்துக்குத்தான் (அத்தகைய பங்கீட்டைச் சமநிலையாக அடையலாம் என்பது) வேண்டும், தளத்தால் பிரிக்க.

லெக்சிகோகிராஃபிக் விருப்பத்துக்குப் (முதல் பொருள் அதிகமுள்ளதே மேல், அது சமமானால் மட்டும் இரண்டாம் பொருளைப் பார்ப்பது) பயன்பாட்டுச் சார்பு கிடையாது என்ற நிரூபணத்தையும் (டெப்ரூ, 1954) புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். முதல் பொருளின் ஒவ்வொரு அளவுக்கும், இரண்டாம் பொருள் 1 இருக்கும் தொகுப்பு, 2 இருக்கும் தொகுப்பு என்று இரண்டை எடுங்கள். சார்பு இருந்தால் இரண்டின் மதிப்புகளுக்கு நடுவே ஒரு விகிதமுறு எண் விழும். முதல் பொருளின் அளவு கூடினால் இடைவெளி முழுவதுமே மேலே போய்விடும். ஆகவே ஒவ்வொரு மெய்யெண்ணுக்கும் தனித்தனி விகிதமுறு எண். எண்ணி முடிக்க முடியாத மெய்யெண்களுக்கு எண்ணக்கூடிய விகிதமுறு எண்கள் எப்படிப் போதும்? இதில் முழுமையும் (எந்த இரண்டையும் ஒப்பிடலாம்) கடப்புத்தன்மையும் (முதலாவது இரண்டாவதைவிட, இரண்டாவது மூன்றாவதைவிட மேல் என்றால் முதலாவது மூன்றாவதைவிட மேல்) உடையவில்லை, உடைவது தொடர்ச்சி மட்டும். ஒரு கிளைக்கேள்வி: இரண்டு பொருளும் முழு எண்களில் மட்டும் கிடைத்தால்? அப்போது அதே விருப்பத்துக்குச் சார்பு உண்டு. ஏன் என்று யோசியுங்கள், சொல்லமாட்டேன்.

---

நிழல்விலை எழுதியது:

நிரூபணம் பத்தி குவிகணம் சொன்னதுக்கு மேல இல்லை. நான் கணக்குப் பக்கம் வரேன்.

மைனஸ் வர்ற விஷயம். பொருள்களுக்கு அ, ஆ-ன்னு பேர் வைப்போம். பயன்பாடு = ஆ + 10 × மடக்கை(அ), இயல்மடக்கை. விலை ரெண்டுக்கும் 1. வருமானம் 6. சமத்துவக் கட்டுப்பாடு மட்டும் வச்சு லெக்ராஞ்ச் போட்டா அ = 10, ஆ = மைனஸ் 4. இங்கதான் நீங்க ஆ-வை பூஜ்யமாக்கிட்டு அ-வை 10-லயே விட்டுடறீங்கன்னு நினைக்கிறேன். 6 வச்சுக்கிட்டு 10-க்கு வாங்க முடியாதே! ஆ = 0-ன்னு போட்டதும் பட்ஜெட்டுக்குத் திரும்பிப் போகணும்: அ = 6.

அதோட முடியலை. இந்த மூலைப் புள்ளி நிஜமாவே உச்சம்தான்னு காட்டணும். அ-வோட விளிம்புப் பயன்பாடு 10/6, அதாவது 1.67. அதுதான் வருமானத்தோட பெருக்கி. ஆ-வோட விளிம்புப் பயன்பாடு 1. அப்ப ஆ ≥ 0 கட்டுப்பாட்டோட பெருக்கி 1.67 − 1 = 0.67, மைனஸ் இல்லை. சரி. பெருக்கியோட குறியைப் பார்த்தேன்னு ஒரு வரி எழுதலைன்னா மார்க் போகும், அது நியாயம்தான். கடைசியா வரம்பையும் எழுதுங்க: வருமானம் 10 வரைக்கும் எல்லாம் அ-வுக்கு, 10 தாண்டினா மிச்சம் முழுக்க ஆ-வுக்கு. "தேவைச் சார்பைக் கண்டுபிடி"ன்னா இந்த ரெண்டு துண்டும் சேர்ந்ததுதான் விடை.

எந்த மூலையைப் பார்க்கணும்னு முதல்லயே யோசிச்சா வேலை குறையும். மடக்கைக்குள்ள இருக்கிற பொருள் பூஜ்யமாகவே முடியாது, அந்தப் பக்கம் போகவே வேண்டாம். லீனியர் பயன்பாடா, லெக்ராஞ்சே வேண்டாம், எது ஒரு அலகு பணத்துக்கு அதிகம் தருதுன்னு பார்த்தா போதும். சிறுமம் வகைச் சார்பா (ரெண்டும் ஜோடியாத்தான் பயன்படும்), வகைக்கெழுவே எடுக்காதீங்க, மடிப்புப் புள்ளியில வகைக்கெழு கிடையாது. படம் போட்டு மூலை கோட்டுல இருக்குன்னு சொல்லுங்க.

அடுத்தது இருமை, அதாவது பயன்பாட்டை உச்சமாக்குறதும் செலவைக் குறைக்குறதும் ஒரே கணக்கோட ரெண்டு பக்கம். எல்லா முற்றொருமையையும் ஒரே ஒரு எண் உதாரணத்துல சரிபார்த்து வச்சுக்கிட்டா மனப்பாடமே தேவையில்லை. பயன்பாடு = அ × ஆ-வோட வர்க்கமூலம். வருமானம் 100, விலை 1, 1.

தேவை 50, 50. பயன்பாடு 50. மறைமுகப் பயன்பாடு (கொடுத்த விலை, வருமானத்துல கிடைக்கிற உச்சப் பயன்பாடு) = வருமானம் ÷ (2 × விலைகளின் பெருக்கல்பலனின் வர்க்கமூலம்). செலவுச் சார்பு (ஒரு பயன்பாட்டை அடையக் குறைந்தபட்சச் செலவு) = 2 × பயன்பாடு × அதே வர்க்கமூலம். ஒண்ணு இன்னொண்ணோட தலைகீழ், அவ்வளவுதான்.

ராய்: மறைமுகப் பயன்பாட்டை அ-வோட விலையால வகையிட்டா −25, வருமானத்தால வகையிட்டா 0.5. முதலாவதை ரெண்டாவதால வகுத்துக் குறியை மாத்தினா 50. மார்ஷல் தேவை (வருமானத்தை மாத்தாம வர்ற தேவை).

ஷெப்பர்டு: செலவுச் சார்பை அ-வோட விலையால வகையிட்டாலும் 50. ஆனா இது ஹிக்ஸ் தேவை (பயன்பாட்டை மாத்தாம வர்ற தேவை). இந்தப் புள்ளியில ரெண்டும் ஒண்ணு, விலை நகர்ந்தா பிரிஞ்சுடும்.

ஸ்லட்ஸ்கி: மார்ஷல் தேவையோட சொந்த விலை வகைக்கெழு −50. வருமான வகைக்கெழு 0.5, அதை 50 அளவால பெருக்கினா 25. கூட்டினா −25. ஹிக்ஸ் தேவையை நேரா வகையிட்டாலும் −25 வரணும், வருது. குறுக்குப் பக்கம் 0 + 25 = 25. ஆக ஸ்லட்ஸ்கி அணி: மேல்வரிசை −25, 25, கீழ்வரிசை 25, −25. சமச்சீர். வரிசையை விலைகளால பெருக்கிக் கூட்டினா பூஜ்யம். இந்த ரெண்டுல ஒண்ணு பொய்த்தாலும் உங்க வகையிடல்ல எங்கயோ தப்பு. பரீட்சையில இது இலவச சோதனை, 30 வினாடி. (ரெண்டே பொருள்னா சமச்சீர் தன்னாலேயே வந்துடும். மூணு பொருள்லதான் அது உண்மையான கட்டுப்பாடு. வார்ப் (வெளிப்பட்ட விருப்பத்தின் பலவீன விதி) மட்டும் இருந்தா அதுக்கு உத்தரவாதம் இல்லை. பரீட்சைக்குப் பிடிச்ச கேள்வி இது.)

இப்ப அ-வோட விலை 1-லிருந்து 4-க்கு ஏறுது. புதுத் தேவை 12.5, 50. பயன்பாடு 25. பழைய பயன்பாடான 50-ஐப் புது விலையில அடைய என்ன செலவு? 200. அப்ப வாங்கறது 25, 100. அதாவது 50-லிருந்து 25 வரைக்கும் பதிலீட்டு விளைவு, 25-லிருந்து 12.5 வரைக்கும் வருமான விளைவு. காம்பென்சேட்டிங் வேரியேஷன்: 100 கூடுதலா கொடுத்தாத்தான் பழைய நிலைக்கு வருவார். ஈக்விவலென்ட் வேரியேஷன்: பழைய விலையிலேயே புதுப் பயன்பாடு 25-க்கு இறங்கணும்னா 50 பிடுங்கினா போதும். மார்ஷல் வளைகோட்டுக்கு இடதுபக்கப் பரப்பு 50 × மடக்கை(4) = 69.3. ரெண்டுக்கும் நடுவுல உட்காருது பாருங்க. இயல்பான பொருளுக்கு விலை ஏறினா எப்பவும் இந்த வரிசைதான். குறி மட்டும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும்: உங்க புத்தகத்துல ரெண்டும் மைனஸ், −100, −50.

---

விளிம்புநிலை எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. முழு எண் கேள்விக்கு: தொகுப்புகள் எண்ணக்கூடியதா ஆயிடுது, அதனால விகிதமுறு எண் பற்றாக்குறை வராது. சரியா?

இன்னொண்ணு. பயன்பாட்டை ஏறுமுகமா எப்படி மாத்தினாலும் தேவை மாறாதுன்னு படிச்சேன். அதனால லாட்டரிக் கணக்குல வர்க்கமூலம் தொல்லையா இருக்குன்னு வர்க்கப்படுத்திட்டேன். விடை தப்புன்னு வந்துடுச்சு. ஏன்?

---

குவிகணம் எழுதியது:

முழு எண்: சரி.

லாட்டரி: நுகர்வோர் கோட்பாட்டில் பயன்பாட்டுச் சார்பு வரிசையை மட்டும் சொல்கிறது, எந்த ஏறுமுக மாற்றமும் செல்லும். எதிர்பார்ப்புப் பயன்பாட்டில் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டப்படும் அந்தச் சார்புக்கு ஒரு மாறிலியைக் கூட்டலாம், நேர் எண்ணால் பெருக்கலாம். அதற்கு மேல் கை வைக்கக் கூடாது.

பாதி வாய்ப்பில் 0, பாதி வாய்ப்பில் 100 தரும் லாட்டரி. சார்பு வர்க்கமூலம். எதிர்பார்ப்புப் பயன்பாடு 5. உறுதியான சமானத் தொகை 25, சராசரி 50, ஆகவே ரிஸ்க் பிரீமியம் 25. நீங்கள் வர்க்கப்படுத்தியதும் சார்பு நேர்கோடாகிவிட்டது. சமானத் தொகை 50, பிரீமியம் 0. ரிஸ்க்கை வெறுப்பவரை ரிஸ்க்கைப் பற்றிக் கவலையே இல்லாதவராக மாற்றிவிட்டீர்கள். வளைவுதான் இங்கே தகவல். ரிஸ்க் வெறுப்பை அளக்கும் ஏரோ-பிராட் அளவு இரண்டாம் வகைக்கெழுவை முதலாவதால் வகுப்பதும் இதனால்தான்: கூட்டினாலும் பெருக்கினாலும் அது மாறாது, வர்க்கப்படுத்தினால் மாறும்.

ஆனால், முழு எதிர்பார்ப்புப் பயன்பாட்டையும் (5-ஐ) கணக்கிட்டு முடித்த பிறகு வர்க்கப்படுத்தலாம்; லாட்டரிகளின் வரிசை மாறாது. உள்ளே செய்வதும் வெளியே செய்வதும் வேறுவேறு.

---

பின்னோக்கி எழுதியது:

நூலை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கிறீர்கள் என்று தெரிகிறது. 4-ஆம் அத்தியாயத்தை (மொத்தத் தேவை) முதல் வாசிப்பில் தள்ளிவிடலாம் என்பது என் கருத்து, குவிகணம் ஒப்புக்கொள்ளமாட்டார். பயிற்சிகளில் ஏ, பி, சி என்று கடினம் குறித்திருக்கும். ஏ அனைத்தும், பி-யில் பெரும்பகுதி; சி-யில் பேராசிரியர் சுட்டியவை மட்டும். ஒரு கேள்வியோடு 40 நிமிடம் மல்லுக்கட்டியும் நகரவில்லை என்றால் விடையின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். முழு விடையையும் படித்தால் "புரிந்தது" என்ற மயக்கம்தான் மிஞ்சும். உங்கள் முதல் பிரச்சினையே அதுதான்.

அடுத்து வரவிருப்பது ஆட்டக் கோட்பாடு, 7 முதல் 9 வரை. அங்கே கணிதம் எளிது, ஆனால் மதிப்பெண் அதிகம் சிந்துவது அங்கேதான். இரண்டு இடங்களை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

முதலாவது, உத்தி வேறு, செயல் வேறு. முதலாமவர் இடம் அல்லது வலம் போகிறார், அதைப் பார்த்த பிறகு இரண்டாமவர் மேலே அல்லது கீழே என்றால், இரண்டாமவருக்கு உத்திகள் 2 அல்ல, 4: "இடம் என்றால் இது, வலம் என்றால் அது" என்ற முழுத் திட்டம். சமநிலையில் யாருமே போகாத கிளைக்கும் அவர் என்ன செய்வார் என்று எழுதியாக வேண்டும். சந்தைக்குள் நுழைய நினைப்பவர் ஒதுங்கிப் போவது, உள்ளே இருப்பவர் "வந்தால் சண்டை போடுவேன்" என்று மிரட்டுவதால்தான். அந்த மிரட்டல் எழுதப்படாவிட்டால் சமநிலையே சொல்லப்படவில்லை. சண்டை அவருக்கே நட்டமென்றால் அது நாஷ் சமநிலையாக (யாருக்கும் தனியாக மாறி லாபமில்லாத நிலையாக) இருந்தும், உட்பிரிவு ஆட்டத்தில் (அவர் நுழைந்த பிறகான பகுதியில்) நிற்காது.

இரண்டாவது, 13-ஆம் அத்தியாயத்தின் சமிக்ஞை ஆட்டங்களில் (மறைந்திருக்கும் திறனைச் செயலால் காட்டுவது) நம்பிக்கைகளை எழுதாமல் விடுவது. ஸ்பென்ஸ் (1973) மாதிரியை எண்களில் வைத்துக்கொள்ளுங்கள். உற்பத்தித்திறன் 1 கொண்டவர்கள் பாதி, 2 கொண்டவர்கள் பாதி. கல்வி உற்பத்தித்திறனைக் கூட்டாது; ஓர் அலகுக் கல்விக்குத் திறன் குறைந்தவருக்குச் செலவு 1, கூடியவருக்கு 0.5. பிரிக்கும் சமநிலையில் குறைந்தவர் கல்வி 0, கூலி 1. கூடியவர் ஏதோ ஓர் அளவு கல்வி, கூலி 2. குறைந்தவர் போலி செய்யக்கூடாது: 2 − கல்வி ≤ 1, ஆகவே கல்வி குறைந்தது 1. கூடியவருக்கு லாபம் வேண்டும்: 2 − 0.5 × கல்வி ≥ 1, ஆகவே அதிகபட்சம் 2. 1-க்கும் 2-க்கும் இடையே எதுவும் செல்லும்.

இங்கே நிறுத்திவிடுகிறார்கள். விடை முழுமை பெற, "இந்த அளவுக்குக் கீழே கல்வி கண்டால் முதலாளி அவரைத் திறன் குறைந்தவர் என்றே நம்புவார்" என்று ஒரு வரி வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாமல் கூடியவர் ஏன் 1.5-லிருந்து 1.2-க்கு இறங்கவில்லை என்பதற்கு விளக்கமே இல்லை.

சேர்ந்திருக்கும் சமநிலையும் உண்டு: இருவரும் கல்வி 0, கூலி 1.5, வேறு எந்தக் கல்வியைக் கண்டாலும் "குறைந்தவர்" என்ற நம்பிக்கை. சோ, கிரெப்ஸ் இருவரும் 1987-இல் தந்த அளவுகோல் இதை உடைக்கும். கல்வி 0.75-ஐ எடுங்கள். கூலி 2 கிடைத்தாலும் குறைந்தவருக்கு 1.25, இப்போதிருக்கும் 1.5-ஐவிட நட்டம், அவர் இதைச் செய்யவே மாட்டார். கூடியவருக்கு 1.625, லாபம். ஆகவே 0.75-ஐக் கண்ட முதலாளி அவரைக் குறைந்தவர் என்று நம்புவது பொருந்தாது. 0.5-க்கும் 1-க்கும் இடையே எந்த எண்ணை எடுத்தாலும் இதே கதைதான். அந்த எல்லைகள் எப்படி வந்தன என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

---

விளிம்புநிலை எழுதியது:

எல்லைகள் வந்துடுச்சு. நிழல்விலையோட உதாரணத்தையும் புத்தகம் மூடி வச்சுப் போட்டேன். தேவை 12.5, பயன்பாடு 25 எல்லாம் சரி. ஆனா காம்பென்சேட்டிங் 50, ஈக்விவலென்ட் 100-ன்னு மாறி வருது. மூணு தடவை போட்டும் அதேதான்.

---

நிழல்விலை எழுதியது:

கணக்கு தப்பில்லை, திசை தப்பு. நீங்க போட்டிருக்கிறது விலை 4-லிருந்து 1-க்கு இறங்குறதுக்கான விடை. அந்தப் பயணத்துக்குக் காம்பென்சேட்டிங் 50, ஈக்விவலென்ட் 100 சரிதான். ஒரு திசையோட காம்பென்சேட்டிங் திரும்பி வர்ற திசையோட ஈக்விவலென்ட், குறி மட்டும் மாறும்.

தாளோட மூலையில முதல் வேலையா ரெண்டு வரி எழுதுங்க: காம்பென்சேட்டிங்னா பழைய பயன்பாடு, புது விலை. ஈக்விவலென்ட்னா புதுப் பயன்பாடு, பழைய விலை. அதுக்கப்புறம் செலவுச் சார்புல எண்ணைப் போடுங்க: 2 × 50 × 2 = 200. 2 × 25 × 1 = 50. காம்பென்சேட்டிங்குக்கு 100-லிருந்து 200-ஐக் கழிங்க, −100. ஈக்விவலென்ட்டுக்கு 50-லிருந்து 100-ஐக் கழிங்க, −50.